ராஜ்மாவை முளைகட்டிச் சாப்பிடலாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் என் கிளினிக்குக்கு வந்தார்கள். அம்மா, மகள், மருமகன். மூவருக்கும் ஓயாத வாந்தி. அப்பா மட்டும் தெம்பாக இருந்தார். ஆட்டோ பிடித்து அழைத்து வந்ததே அவர்தான். யாருக்கும் காய்ச்சல் இல்லை. முந்தைய இரவு வாங்கிய பிரியாணியின் மேல் பழியைப் போட்டாள் மகள். ஆனால் அதில் பாதியைச் சாப்பிட்டது அப்பா.

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

"முளைகட்டிய பயறுதான் டாக்டர். சத்தானதுதானே?" என்றார் அந்த அம்மா.

பச்சைப்பயறு தீர்ந்துபோயிருந்ததால் ராஜ்மாவை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை எட்டிப்பார்த்ததும் வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து எட்டு மணிக்குப் பச்சையாகவே பரிமாறியிருக்கிறார். அப்பாவுக்குப் பல்செட். கடிக்க முடியாமல் இட்லிக்குப் போய்விட்டார்.

ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம் நிறைய இருக்கிறது. அது குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அங்குள்ள செல்களைச் சேதப்படுத்தும். வேகாத விதை நான்கைந்து உள்ளே போனாலே போதும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆண்டிபயாடிக்குக்கும் வேலை இல்லை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தேறிவிடுவார்கள். இவர்களும் மாலைக்குள் தேறினார்கள்.

பச்சைப்பயற்றில் இந்த அளவுக்கு லெக்டின் கிடையாது. அதற்குச் செய்வதையே ராஜ்மாவுக்கும் செய்வதுதான் வினை. முளைகட்டினால் நச்சு ஓரளவு குறையலாம், போய்விடாது. அதைவிட மோசம் அரைவேக்காடு. 80 டிகிரி வரை மட்டும் சூடேறிய ராஜ்மாவின் நச்சுத்தன்மை பச்சை விதையைவிட ஐந்து மடங்கு வரை கூடலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி வரும், குறைந்த சூட்டில் மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பத்து நிமிடத்திலேயே நச்சு அழியும் என்றாலும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது. நம் பிரஷர் குக்கர் இந்த வேலையைக் கச்சிதமாகச் செய்துவிடும்.

ராஜ்மாவே விஷம் என்று காணொளி போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நச்சளவு பச்சை விதையில் 20,000 முதல் 70,000 அலகு என்றால், நன்றாக வெந்ததில் 200 முதல் 400 அலகுதான். பூனைக்காலி என்ற காட்டுக்கொடியின் விதையிலும் நச்சு உண்டு; அதை நம் மலைவாழ் மக்கள் நீரை மாற்றி மாற்றிப் பலமுறை வேகவைத்தே உண்கிறார்கள். அந்த விதையோடு பக்குவமும் வழிவழியாக வந்தது. ராஜ்மா நமக்குக் கடைப் பொட்டலமாக வந்தது. பக்குவம் கூட வரவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "ஃபிரிட்ஜில் இன்னும் ஒரு டப்பா இருக்கிறது. கொட்டிவிடவா?"

"வேண்டாம். குக்கரில் வேகவைத்துச் சுண்டல் செய்யுங்கள். விரலால் நசுக்கினால் வெண்ணெயாக மசிய வேண்டும்."

அப்பா முதல் முறையாக வாய் திறந்தார். "அப்படி மசிந்தால் எனக்கும் கொஞ்சம் வை."