கருதுகோள்: ஒரு சொல்லும் அது கோரும் பழக்கமும்

மார்கழி மாதத்தில் எங்கள் வீட்டில் இட்லி மாவு இரண்டு நாள் தொடர்ந்து பொங்காமல் போயிற்று. உளுந்து பழையது என்றார் அம்மா. குளிர்தான் காரணம் என்றாள் தங்கை. புதிய கிரைண்டரில் அரைக்கும்போது மாவு சூடாகிவிடுகிறது என்று நான் சொன்னேன். மூவரும் உறுதியாகவே சொன்னோம். மறுநாள் உளுந்தை மாற்றி, வெந்தயத்தைச் சற்றுக் கூட்டி, பாத்திரத்தைக் கம்பளித் துணியால் சுற்றி, இடையிடையே நிறுத்தி அரைத்து வைத்தோம். மாவு நன்றாகப் பொங்கியது. அவரவர் சொன்னதே சரி என்று அவரவரும் மகிழ்ந்தோம். மாவைப் பொங்கவைத்தது எது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த மூன்று கூற்றுகளும் கருதுகோள்கள் ஆகியிருக்கலாம்; ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதில்தான் அச்சொல்லின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு நிகழ்வுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு, அது சரியா தவறா என்று சோதிப்பதற்காகவே முன்வைக்கப்படும் கூற்றுக்குக் கருதுகோள் என்று பெயர். ஆங்கிலத்தில் ஹைப்பாதிசிஸ் என்று வழங்குவதற்கு நிகராகத் தமிழில் நிலைபெற்றுள்ள சொல் இது.

கருது, கோள் என்னும் இரண்டு பகுதிகளால் ஆனது இச்சொல். 'கொள்' என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு 'கோள்' என்றாகும்போது அது கொள்ளுதல் என்னும் செயலுக்குப் பெயராகிறது. படு என்பது பாடு என்றும், கெடு என்பது கேடு என்றும் ஆவதைப் போன்றது இது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணத்தார் இதனைக் குறிப்பர். திருக்குறளின் ஒன்பதாம் குறளில் வரும் 'கோளில் பொறி' என்னும் தொடருக்கு, தனக்குரிய புலனைக் கொள்ள இயலாத பொறி என்பது பொருள். காணாத கண்ணும் கேளாத செவியும் அங்கே சுட்டப்படுகின்றன. வானத்துக் கோளும் புறங்கூறுதலாகிய கோளும் வேறு பொருளில் வழங்குபவை. அவற்றை இங்கே கலந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டு பகுதிகளும் சேர்ந்த நிலையில் கருதுகோள் என்பதை வினைத்தொகையாகக் கொள்வதே பொருந்தும். கருதிய கோள், கருதுகின்ற கோள், கருதும் கோள் என மூன்று காலமும் அதனுள் மறைந்து நிற்கின்றன. ஒன்றைக் கருத்தளவில் கையில் கொண்டிருக்கிறோம் என்பதற்கு மேல் இச்சொல் எதற்கும் உறுதி கூறுவதில்லை. கொண்டதைக் கீழே வைத்துவிடவும் முடியும் என்பது 'கொள்' என்ற வினையிலேயே இருக்கிறது. இந்த நயத்துக்காகவே இச்சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லில் இந்தப் படம் இல்லை. 'ஹுப்போ' என்றால் கீழ். 'தெசிஸ்' என்றால் வைத்தல். கீழே வைக்கப்பட்டது, அதாவது அடித்தளம், என்பதே அதன் நேர்ப்பொருள். பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர்கள் ஒரு வாதத்தைத் தொடங்குவதற்காக, மெய்ப்பிக்காமலே ஏற்றுக்கொண்ட அடிப்படைகளை இச்சொல்லால் குறித்தனர். சோதித்துப் பார்ப்பதற்காக முன்வைக்கும் கூற்று என்னும் இன்றைய பொருள், செய்முறை அறிவியல் வளர்ந்த பிற்காலத்தில் வலுப்பெற்றது. அடித்தளம் என்றால் அதன்மேல் கட்டிடம் எழுப்பத் தோன்றும். கருதுகோளின்மேல் எதையும் கட்டுவதற்கு முன் அதனை அசைத்துப் பார்க்க வேண்டும். அவ்வகையில் மூலச்சொல்லைவிடத் தமிழ்ச்சொல்லே பொருளுக்கு நெருக்கமாக அமைந்துவிட்டது என்பது என் கருத்து.

கருதுதல் என்பதை, அறிவைப் பெறும் வழிகளாகிய அளவைகளை ஆராயும் தமிழ் அளவைநூல் மரபு நீண்ட காலமாக ஒரு கலைச்சொல்லாகவே வைத்திருந்தது. மணிமேகலையிலும் சிவஞான சித்தியாரிலும் அளவைகளை எண்ணும்போது காண்டல் முதலாவதாகவும் கருதல் அதற்கு அடுத்ததாகவும் வருகின்றன. காண்டல் நேரே அறிவது. கருதல், கண்டதைக் கொண்டு காணாததை அறிவது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் கண்டோமல்லவா என்று விரியும் எடுத்துக்காட்டை மணிமேகலையிலேயே காணலாம். ஆனால் அந்தக் கருதலும் இன்றைய கருதுகோளும் ஒன்றல்ல. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு அடுக்களையில் முன்பே உறுதியான ஒன்று. அதனை மலைக்குப் பொருத்துகிறோம், அவ்வளவுதான். கருதுகோளிலோ அந்தத் தொடர்பே இன்னும் ஐயத்துக்கு உரியதாக நிற்கிறது. பழைய உளுந்துக்கும் பொங்காத மாவுக்கும் தொடர்பு உண்டா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அத்தொடர்பையே சான்றாகக் காட்ட இயலாது.

இச்சொல்லோடு சேர்த்துக் குழப்பப்படும் வேறு சில சொற்களும் உள்ளன. ஊகம் என்பது சோதிக்கும் நோக்கம் இல்லாமலும் சொல்லத்தக்கது. அனுமானம் வடமொழித் தருக்கத்தில் கருதலுக்கு நிகரானதாக இருந்தும், பேச்சு வழக்கில் ஊகத்தின் இடத்துக்கு இறங்கிவிட்டது. எடுகோள் என்பதைச் சிலர் கருதுகோள் என்ற பொருளிலேயே எழுதுகின்றனர். பொருளியல் பாடநூல்களிலோ ஒரு விதியைக் கூறுவதற்கு முன் 'பிற காரணிகள் மாறாதிருக்கும்' என்பது போன்று ஏற்றுக்கொள்ளப்படும் நிபந்தனைகள் எடுகோள்கள் எனப்படுகின்றன. இவ்விரண்டையும் பிரித்து வழங்குவதே நல்லது. எடுகோள், வாதம் நடப்பதற்காகக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வது. கருதுகோள், கேள்வி கேட்பதற்காகவே கையில் கொள்வது. கோட்பாடு என்பது கோளும் பாடும் சேர்ந்து அமைந்த சொல். பல சோதனைகளைத் தாங்கி நின்று, பல நிகழ்வுகளை ஒருங்கே விளக்கும் கருத்தமைப்புக்கே அப்பெயர் தகும். மனத்தில் தோன்றிய ஒன்றை 'என் தியரி இது' என்று சொல்வது இன்று பரவலாக உள்ளது. அங்கே தியரி என்பதற்கு உரிய தமிழ் கோட்பாடு அன்று, பெரும்பாலும் கருதுகோள்கூட அன்று, ஊகமே.

கருதுகோள் ஒன்றைக் கொள்வதும் கைவிடுவதும் எத்தகைய வேலை என்பதைச் சோறு உண்ணும் நமக்கு அரிசியின் கதையே நன்றாகக் காட்டும். கால்கள் தளர்ந்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து உயிரைப் பறிக்கும் பெரிபெரி என்னும் நோய், ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி பரவிய காலத்தில் தென்கிழக்கு ஆசியா முழுவதும் பெருகியது. டச்சுக்காரர்கள் ஆண்ட பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் ஐக்மன் என்ற மருத்துவர் இதனை ஆராய்ந்தார். நோய்கள் பலவற்றுக்குக் கிருமிகளே காரணம் என்பது அடுத்தடுத்து நிறுவப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. பெரிபெரியும் கிருமியால் வருவதே என்பது அவர் கொண்ட கருதுகோள். நோயாளிகளிடமிருந்து எடுத்ததைக் கோழிகளுக்குச் செலுத்தினார். ஒப்பீட்டுக்காகச் சில கோழிகளை ஒன்றும் செலுத்தாமல் வைத்திருந்தார். கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. ஆனால் ஒன்றும் செலுத்தாத கோழிகளும் சேர்ந்தே விழுந்தன. சில மாதங்கள் கழித்து, மருந்து எதுவும் கொடுக்காமலே, எஞ்சிய கோழிகள் தேறின.

காரணம் அடுப்படியில் இருந்தது. கோழிகளைப் பார்த்துக்கொண்ட பணியாள், படைவீரர் மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை அவற்றுக்குப் போட்டுவந்திருந்தார். பிறகு அங்கே வந்த புதிய சமையற்காரர், படையினரின் அரிசியைப் படையைச் சாராத கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். பழைய தீவனத்துக்குத் திரும்பியதும் கோழிகள் தேறிவிட்டன. ஒப்பீட்டுக் கோழிகள் இல்லாமல் இருந்திருந்தால், செலுத்தியவை நோயுற்றன, ஆகவே கிருமியே காரணம் என்று ஐக்மன் எழுதியிருப்பார். அது முற்றிலும் தவறாக இருந்திருக்கும்.

அரிசிதான் என்று தெரிந்த பின்னும் அரிசியில் எது என்ற கேள்வி இருந்தது. அரிசியின் மாவுச்சத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கிறது என்பது ஐக்மனின் அடுத்த கருதுகோள். இதற்கிடையே அடோல்ப் வோர்டர்மன் என்ற மருத்துவ அதிகாரி ஜாவாத் தீவில் சுமார் நூறு சிறைகளின் நிலையை ஆராய்ந்து, தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் நோய் மிகுதி என்பதை 1897-இல் வெளியிட்டார். கட்டிடத்தின் பழமை, காற்றோட்டம், நெரிசல் என்று பிறர் காரணமாகச் சொல்லக்கூடியவற்றையும் அவர் விட்டுவைக்காமல் பார்த்தார். நோயோடு அவை இணைந்து வரவில்லை. ஐக்மனுக்குப் பின் வந்த ஹெரிட் கிரைன்ஸ், மாவுச்சத்து நஞ்சு என்ற கருதுகோளையும் சோதித்து, அது பொருந்தவில்லை என்று கண்டார். அரிசியே இல்லாத உணவிலும் நோய் வந்தது. பாசிப்பயறு கொடுத்தால் நோய் தடுக்கப்பட்டது. உணவில் இருக்கும் ஏதோ ஒரு நஞ்சால் அன்று, இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லாமையால் வரும் நோய் இது என்று அவர் 1901-இல் எழுதினார். பிற்காலத்தில் தயமின் என்று பெயர் பெற்ற உயிர்ச்சத்து அது. ஐக்மன் தம் கருதுகோளை உடனே விடவில்லை, பின்னர் விட்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தமிழர்கள் இக்கதையில் மலாயாவில் வருகிறார்கள். அங்கு உழைக்கச் சென்ற சீனத் தொழிலாளரைப் பெரிபெரி வாட்டியபோது, தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உட்புறத்துக்கு இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்குகிறது. ஆனால் வேறுபாட்டுக்கு இனமும் வாழ்முறையும் காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோளும் அப்போது எதிரே நின்றது. ஹென்றி ஃபிரேசர், ஆம்ப்ரோஸ் ஸ்டான்டன் என்ற மருத்துவர்கள் இருவரும் அதனைப் பிரித்தறியும் சோதனை ஒன்றைச் செய்து 1909-இல் வெளியிட்டனர். சாலை வேலைக்கு வந்த ஜாவாத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தனர். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியது. இனம் ஒன்று, வேலை ஒன்று. வேறுபட்டது அரிசி மட்டும். இன்றைய அறநெறிப்படி மனிதரை வைத்து இவ்வாறு செய்ய ஒப்பமாட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் மூன்று கூற்றுகளும் ஏன் கருதுகோள்கள் ஆகவில்லை என்பது இப்போது தெளிவாகும். எது நடந்தால் என் கூற்றை விட்டுவிடுவேன் என்பதை நாங்கள் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றியதால், மாவு பொங்கினால் மூவரும் வெல்வோம், பொங்காவிட்டால் ஒருவரும் தோற்கமாட்டோம் என்ற நிலையை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். ஒரு கூற்றைத் தோற்கவிடாமல் காப்பது அதனை ஆராய்வதாகாது.

சளி பிடித்த நான்காம் நாளில் எடுத்துக்கொள்ளும் எந்தக் கஷாயமும் குணமளித்ததாகவே தோன்றும். சாதாரணச் சளி எப்படியும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகத் தணிந்துவிடுவதுதான் காரணம். கஷாயம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அந்த ஓர் அனுபவத்தைக் கொண்டு அதன் பயனை முடிவு செய்ய இயலாது என்பதே பொருள். மருந்தும் உயிரும் சம்பந்தப்பட்ட இடத்தில் வீட்டுச் சோதனை போதாது, அது மருத்துவரின் வேலை. ஆனால் மாவு, செடி, மின்கட்டணம், குழந்தை படிக்கும் நேரம் ஆகியவற்றில் சோதனை நம் கைக்கு எட்டியதே. அங்கெல்லாம் 'இதுதான் காரணம்' என்று சொல்வதற்குப் பதிலாக, 'இது என் கருதுகோள். இப்படி நடந்தால் இதனை விட்டுவிடுவேன்' என்று சொல்லிப் பழகுவதை நான் மிகவும் விரும்புகிறேன். பாடநூலுக்குள் மட்டும் கிடக்க வேண்டிய சொல் அன்று இது. இலக்கணமும் இடைஞ்சல் செய்யாது. கருதுகோளை, கருதுகோளின், கருதுகோள்கள் என இயல்பாக உருபேற்கும்.

அடுத்த வாரம் குளிர் குறையவில்லை. ஒரே உளுந்து, ஒரே அரிசி, ஒரே கிரைண்டர். அரைத்த மாவை இரண்டு பாத்திரங்களில் சமமாகப் பிரித்து, ஒன்றை வழக்கமான மேடையிலும் மற்றதைக் கம்பளியில் சுற்றி அரிசி டிரம்முக்குள்ளும் வைத்தோம். மேடையில் இருப்பதும் சமமாகப் பொங்கினால் குளிர் என்பதை விட்டுவிடுகிறேன் என்று தங்கை இரவே சொல்லிவிட்டாள். காலையில் டிரம்முக்குள் இருந்த மாவு மூடியைத் தொட்டிருந்தது. மேடையில் இருந்தது அப்படியே கிடந்தது. கிரைண்டரைப் பற்றிய என் கூற்றை அன்று கைவிட்டேன். பழைய உளுந்து என்ற அம்மாவின் கருதுகோள் இன்னும் சோதிக்கப்படாமல் இருக்கிறது. அதற்காக ஒரு படி பழைய உளுந்தை அம்மா தனியே எடுத்து வைத்திருக்கிறார்.