ஜிம் மாஸ்டருக்குச் சீனி வருத்தம் இருக்கலாமா?

"சேர், ஜிம்மில மாஸ்டரா சேரலாமெண்டு யோசிக்கிறன். இந்த வருத்தத்தோட ஏலுமா?"

மட்டக்களப்பில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்யும் என்னிடம் இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். ஒருவருக்குச் சின்ன வயதிலிருந்தே இன்சுலின் ஊசி, இன்னொருவருக்கு முட்டு (ஆஸ்துமா), வேறொருவருக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பெரும்பாலும் நான் சொல்லும் பதில் 'ஏலும்' என்பதுதான். கூட வந்த அம்மாவின் முகம்தான் உடனே மாறும்: "பாரம் தூக்கிற வேலை, சேர். இவன் விழுந்து கிழுந்து போனா?"

பயிற்றுநரின் வேலை பாரம் தூக்கிக் காட்டுவது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் பயன்படுத்துவது கண்ணையும் வாயையும். ஸ்குவாட்டில் குந்தி எழும்புகிறவரின் முழங்கால் உள்ளே சாய்கிறதா, டெட்லிஃப்டில் தரையிலிருந்து கம்பியைத் தூக்குகிறவரின் முதுகு வளைகிறதா, ட்ரெட்மில்லில் நிற்கும் ஐம்பது வயதுக்காரரின் முகம் வெளிறுகிறதா என்று பார்த்து, நேரத்துக்கு நிறுத்தத் தெரிந்தவர்தான் நல்ல மாஸ்டர். புஜம் பெருத்திருந்தும் இது தெரியாத மாஸ்டர்மாரின் கைவண்ணம் முதுகுவலியாக என்னிடம் வருவதுண்டு.

உடலில் குறை இருந்தால் இந்தத் துறையில் இடமே இல்லை என்று வீட்டில் சொன்னால், தினேஷ் பிரியந்தவைக் காட்டுங்கள். இராணுவத்தில் இருந்தபோது போரில் கையில் காயப்பட்டவர். டோக்கியோ பராலிம்பிக்கில் 67.79 மீட்டர் ஈட்டி எறிந்து உலக சாதனையோடு தங்கம் எடுத்தார். எல்லாரும் அவர் ஆக வேண்டியதில்லை. நம் பிள்ளை கேட்பது காலை நாலு மணித்தியாலம், பின்னேரம் நாலு மணித்தியால வேலை, அவ்வளவுதான்.

வருத்தத்தை ஒளிப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சம்பளம் போய்விடும் என்று பயந்து முதலாளியிடம் சொல்லாமல், ஜிம்மின் கழிவறைக்குள் போய் ஊசி போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சீனி இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், சில நேரம் காரணமில்லாமல் கோபமும் வரும். தெரியாதவர் பார்த்தால் பெடியன் குடித்திருக்கிறான் என்றுதான் நினைப்பார். அந்த நேரம் அவன் பெஞ்ச் பிரஸ்ஸில் மல்லாந்து படுத்துப் பாரம் தூக்குகிற ஒருவரின் தலைமாட்டில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால்? முதலாளிக்கும் கூட வேலை செய்கிற ஒருவருக்குமாவது விசயம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பச் சோதிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். சொக்லேட் சரிவராது, அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர் தானும் பயிற்சி செய்வதாக இருந்தால், தொடங்குமுன் குளுக்கோமீட்டரில் பார்ப்பது கட்டாயம். 90 mg/dLக்குக் கீழே என்றால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். 250க்கு மேலே போய், சிறுநீரில் கீட்டோனும் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் கழிவு) இருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம். வேகமாகப் பாரம் தூக்கினால் சீனி முதலில் ஏறி, பல மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்தில் இறங்குவதும் உண்டு. அதனால்தான் 'ஜிம்மில் நல்லாத்தானே இருந்தன்' என்ற பேச்சை நான் அப்படியே நம்புவதில்லை. அப்புறம் ஒன்று: நம் ஊர் வழக்கப்படி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஜிம்முக்குள் நடப்பது சீனி வருத்தக்காரருக்குக் கூடாது. பாத உணர்வு குறைந்திருந்தால் பாரத் தட்டு விழுந்து வெட்டின காயம்கூடத் தெரியாது. சப்பாத்து போடுங்கள்.

செயற்கைக் கால்காரர்களுக்கு இங்கே பெரிய எதிரி கச்சான் காற்றுக் காலத்து வெக்கை. செயற்கைக் காலுக்குள் தோலோடு ஒட்டப் போடும் உறையான லைனருக்குள் வியர்வை தேங்கி, தோல் ஊறி, உரசிப் புண்ணாகும். இரண்டு வகுப்புக்கு நடுவில் காலைக் கழற்றித் துடைத்துக் காயவிட ஒரு மறைவான இடம் கேட்டு வாங்குங்கள். கழற்றி 10 நிமிடம் கழித்தும் சிவப்பு மாறவில்லையென்றால், மீதிக் கால் உள்ளே இறங்கும் கிண்ணமான சொக்கட்டைச் சரிசெய்யும் வரை நின்று வேலை செய்ய வேண்டாம். பொழுது போகப் போகத் தண்டு, அதாவது அந்த மீதிக் கால், சுருங்கும். அந்தத் தளர்வை நிரப்ப, தண்டுக்குப் போடும் காலுறை இரண்டு பையில் மேலதிகமாக இருக்கட்டும்.

முட்டுக்காரர்கள் டொக்டர் சொன்ன பம்மை (இன்ஹேலர்) 10, 15 நிமிடம் முன்பே எடுத்து, மெதுவாக உடம்பைச் சூடாக்கித் தொடங்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். தூசி தட்டும் வேலையை வேறு ஆளிடம் விடுங்கள்.

எல்லாருக்கும் நான் 'ஏலும்' சொல்வதில்லை. வலிப்பு இன்னும் கட்டுப்படாதவர், விழித்திரையில் இரத்தக் கசிவு உள்ளவர், இதய வால்வு பழுதாகி நடக்கும்போதே மூச்சு வாங்குகிறவர், பாதத்தில் ஆறாத புண் உள்ளவர், இவர்களெல்லாம் முதலில் கிளினிக் கொப்பியோடு தங்கள் டொக்டரைப் பார்த்து அனுமதி வாங்கி வர வேண்டும். அனுமதி கிடைக்கும் வரை பயிற்சி பற்றிப் படிக்கலாமே, அதில் என்ன குறை?

வேலை தர மறுப்பவர்களுக்கும் ஒரு சொல். வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 1996லேயே வந்துவிட்டது, 28ஆம் இலக்கம். வலது குறைவைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், வியாபாரத்தைப் பாருங்கள். இப்போது ஜிம்முக்கு வருகிறவர்களில் பலர் சீனியும் பிரஷரும் உள்ள நடுத்தர வயதினர். தானே ஊசி போடுகிற மாஸ்டரிடம் அவர்கள் வாய்விட்டுக் கேட்பதை மற்றவரிடம் கேட்க மாட்டார்கள். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் பெண்களுக்கு வகுப்பு நடத்தப் பெண் பயிற்றுநர் தேடுகிறவர்களும் இதை யோசிக்கலாம்.

நோன்பு மாதத்தில் அந்தப் பக்கத்து ஜிம்களில் ஆட்கள் தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகுதான் கூடுவார்கள். மாஸ்டரின் சாப்பாடு, ஊசி, தூக்கம் மூன்றும் தலைகீழாகும். இன்சுலின் போடுகிறவர் நோன்பு பிடிக்கலாமா, பிடித்தால் அளவை எப்படி மாற்றுவது என்பதை மாதம் பிறப்பதற்குச் சில வாரம் முன்பே டொக்டரிடம் கேட்டுவிடுங்கள். நோன்போடு இருக்கும்போது சீனி 70க்குக் கீழே இறங்கினால் நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இன்னும் அரை மணித்தியாலம்தான் இருந்தாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும்.