நிவாரண லாரி திரும்பிய பிறகு: திருச்சபைகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாகி, தாமிரபரணி கரைபுரண்டு நம் தூத்துக்குடி மாவட்டத்தின் ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தை மூழ்கடித்தபோது, சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்து என்று சபை வித்தியாசம் பாராமல் சபையார் சோறும் பாயும் போர்வையும் சுமந்து சென்றார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால், சபைகளின் சமூகப்பணிப் பிரிவுகளுக்குத் திட்ட ஆலோசனை சொல்லி, கணக்கையும் பார்த்துத் தருபவன் என்ற முறையில் என்னிடம் வரும் கோப்புகளில், இப்படிப்பட்ட பணிகளில் பெரும்பாலானவை சில வாரங்களிலேயே முடிந்துவிடுகின்றன. வறுமையோ அதற்குப் பிறகுதான் ஆழமாக வேர்விடுகிறது.

ஓர் ஊரில் இரண்டு சபைகளின் பயனாளிப் பதிவேடுகளை ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டோம். ஒன்றில் கணவர் பெயரிலும் மற்றதில் மனைவி பெயரிலும் ஒரே குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்கு இரண்டு அடுப்பு, இரண்டு மளிகைப் பை கிடைத்திருந்தன. அதே தெருக்கோடியில், எந்தச் சபையையும் சேராத, பீடி சுற்றிப் பிழைக்கும் ஓர் அம்மாவின் பெயர் இரண்டிலும் இல்லை. சுற்றித் தருவதற்காகப் பீடிக் கடையில் வாங்கி வந்த இலையும் தூளும் வெள்ளத்தில் ஊறிப்போனதால், அதற்கு ஈடுகட்ட அவர் வார வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். பாய் கொடுத்தால் தீரும் கஷ்டம் அல்ல அது.

கடனைத் தொடாத வறுமை ஒழிப்புத் திட்டம் நம் மாவட்டத்தில் நிலைப்பதில்லை என்பதே என் முடிவு. வாழ்வாதாரத்துக்கு என்று ஆடு வாங்கிக் கொடுத்தால், தவணை நெருக்கும்போது அது சந்தைக்குப் போய்விடும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் அவசரத்துக்குக் கைகொடுக்க வேறு ஆள் இல்லாத வீட்டில் சட்டம் மட்டும் என்ன செய்யும்?

உலகத் திருச்சபைகள் இந்தக் கடன் விஷயத்தைச் சேர்ந்தே கையாண்டிருக்கின்றன. விற்ற நிலம் உரியவருக்குத் திரும்பி, அடிமைப்பட்டவர் விடுதலையாகும் ஐம்பதாம் ஆண்டான, வேதாகமத்தின் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தின் யூபிலி ஆண்டை முன்வைத்து, ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யக் கோரிய யூபிலி 2000 இயக்கத்தில் பல சபைகள் கைகோத்தன. 1998 மே மாதம் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்த ஜி-8 வல்லரசுத் தலைவர்களின் மாநாட்டையொட்டிச் சுமார் 70,000 பேர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அதற்கும் முன்பே, 1968-இல் சுவீடனின் உப்சாலாவில் கூடிய உலகத் திருச்சபைகள் மாமன்றத்தில் எழுந்த பேச்சிலிருந்து, சபைகளின் முதலீட்டைத் திரட்டி எளியோருக்குக் கடனாகப் போய்ச் சேரச் செய்யும் ஆய்க்கோகிரெடிட் கூட்டுறவு 1975-இல் உருவானது. சபைப் பணத்தைச் செலவழித்துத் தீர்க்காமல் சுழலவிட்ட அந்த யோசனையை நம் சபை மன்றங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம்மவர் காணிக்கையிலேயே, நம்மவர் நிர்வாகத்திலேயே, இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல் பகுதியில் பணியை நடத்தியது. அது நற்செய்திப் பணிக்கான ஏற்பாடுதான். ஆனால் சமைக்கும்போது காணிக்கைக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துப் பழகிய சமூகம் நீண்டகாலப் பொறுப்பையும் தாங்கும் என்பதை அது காட்டியது. இன்று அந்த வழி இன்னும் அவசியமாகிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பின், ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித்தர முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பணத்தை ஒரே கணக்கில் கொட்டிக் கூட்டாகச் செலவழிப்பது என்ற பழைய வழி வெளிநாட்டு நிதிக்கு அடைபட்டுவிட்டது. ஆகவே திட்டமும் பட்டியலும் பொதுவாக இருக்கட்டும். வெளிநாட்டு நிதி வரும் சபை தன் பங்கைத் தானே செலவு செய்யட்டும். பொது நிதி உள்ளூர்க் காணிக்கையிலிருந்து வரட்டும்.

அந்த உள்ளூர் நிதியைச் சபைகளே வட்டிக்கு விடக் கிளம்ப வேண்டாம். அதில் சட்டச் சிக்கலும் மனத்தாங்கலும் ஒருசேர வரும். கடன் கொடுத்துச் சுழலவிடும் வேலைக்கு, சேமிக்கும் குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கச் செய்ய 1992-இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு தொடங்கிய சுய உதவிக்குழு-வங்கி இணைப்பு கையருகில் இருக்கிறது. புதிய குழு வங்கிக் கடனுக்குத் தகுதி பெறும் வரையுள்ள மாதங்களில்தான் கந்துவட்டிக்காரர் நுழைகிறார். அந்த இடைவெளியை மருத்துவம், பள்ளிக் கட்டணம் போன்ற அவசரங்களுக்கான திருப்பித்தர வேண்டாத உதவியால் அடைப்பதற்கே பொது நிதி போதும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. செஞ்சிலுவை இயக்கமும் கத்தோலிக்க உதவி அமைப்பான கரிட்டாஸும் உலகத் திருச்சபைகள் மாமன்றமும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் உள்ளிட்ட அமைப்புகள் 1994-இல் சேர்ந்து முன்வைத்த பேரிடர் நிவாரணத்துக்கான நடத்தை நெறி, மதம் பார்த்து உதவாதே, உதவியை மதக் கருத்தை வளர்க்கப் பயன்படுத்தாதே என்கிறது. பீடி சுற்றும் அந்த அம்மா பட்டியலில் சேர்வதும் சேராததும் இந்த நெறியைக் கடைப்பிடிப்பதைப் பொறுத்தது.

பொதுப் பட்டியலை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் கூட்டங்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. குருவானவர்கள் மாற்றலாகிப் போகிறவர்கள். அவர்களோடு பதிவேடும் போய்விடும். ஊரிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் ஒப்படைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் சபைப் பிரதிநிதிகளும் வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பயனாளி என்ன வாங்கினார் என்ற பத்திக்குப் பக்கத்தில், அவருக்கு வெளியில் எவ்வளவு கடன், என்ன வட்டி என்றும் ஒரு பத்தி இருக்கட்டும். ஆனால் அந்தப் பத்தியை ஆலயத்தில் வாசிக்க வேண்டாம்.