ரிமோட் மானிட்டரிங்: கண்காணிப்பா, விசாரிப்பா?

பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக வைக்க நெஞ்சுக்குள் பொருத்தும் கருவி) வைத்துக்கொண்ட பெரியவர் ஒருவருக்கு, கட்டில் பக்கத்தில் வைக்கச் சொல்லி ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். கூடவே தமிழில் ஒரு துண்டுத்தாள், ‘தொலைக்கண்காணிப்புச் சேவை’ என்று கொட்டை எழுத்தில். அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்: “அப்ப ராத்திரி பூரா யாராவது என் நெஞ்சைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்களா தம்பி? வலி வந்தா அவங்களே வண்டி அனுப்பிருவாங்கல்ல?”

அந்தத் தாளின் தமிழைத் திருத்திக் கொடுத்ததே நான்தான். ஒற்றுப்பிழைகூட இருக்காது. ஆனால் தலைப்பில் இருந்த ஒரே ஒரு சொல் அவருக்கு முழுக்கத் தவறான சேதியைச் சொல்லிவிட்டது, அதுவும் உயிர் போகிற விஷயத்தில்.

யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நடப்பது இதுதான். நெஞ்சுக்குள் இருக்கிற கருவி தன் குறிப்புகளைத் தானே சேர்த்து வைக்கிறது. ஆள் தூங்கும் நேரத்தில், 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரையான வானொலி அலையில் (உடலுக்குள் வைக்கும் மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கிய அலைவரிசை) பக்கத்திலிருக்கும் பெட்டிக்கு அதை அனுப்புகிறது. பெட்டி செல்போன் நெட்வொர்க் வழியாகக் கம்பெனி சர்வருக்கு அனுப்புகிறது. புதுக் கருவிகளில் பெட்டிக்குப் பதில் புளூடூத்தும் போனில் ஒரு செயலியும். காலையில் கிளினிக் திறந்து, டெக்னீஷியன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால்தான் ஒரு மனிதக் கண் அதன்மேல் படும். சனிக்கிழமை ராத்திரி வந்த எச்சரிக்கை திங்கட்கிழமை வரைகூடக் காத்துக் கிடக்கலாம். நெஞ்சு வலித்தால் 108-ஐத்தான் கூப்பிட வேண்டும், பெட்டியை நம்பி உட்காரக்கூடாது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘ரிமோட் மானிட்டரிங்’ என்பதைத்தான் ‘தொலைக்கண்காணிப்பு’ ஆக்கியிருந்தோம். மானிட்டர் என்பதன் வேர் லத்தீனில் ‘மோனேரே’. நினைவூட்டு, எச்சரி என்று பொருள். அங்கே ‘பார்ப்பது’ என்ற பொருளே கிடையாது. பார்ப்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்து மானிட்டரும் இதே சொல்தான், அதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1790களில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பெரிய பிள்ளைகளை வைத்தே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை அங்கே செய்து பார்த்து, பிரிட்டனுக்குத் திரும்பிப் போய் ‘மெட்ராஸ் முறை’ என்று பரப்பினார். நம் திண்ணைப் பள்ளியில் அந்தப் பையனுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது: சட்டாம்பிள்ளை. ஆக மானிட்டருக்கு நேர்த்தமிழ் சட்டாம்பிள்ளை என்றால் யாரும் சண்டைக்கு வர முடியாது. நோயாளியிடம் அதைச் சொல்லிப் பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்லை.

கண்காணிப்பு வேறு வம்சம். கண்ணால் காண்பதுதான் அதில் முழுதும். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியத்தையும் கணக்கையும் மேற்பார்த்தவர் ‘கண்காணி’. இதே சொல் பேச்சில் தேய்ந்து கங்காணி ஆகி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்துப் போனது; ஆங்கில அகராதிக்குள்ளும் நுழைந்துவிட்டது. கூலிகளின் கடனும் கங்காணி கையில், அவர்கள் எப்போது எழுந்தார்கள் என்பதும் அவர் கண்ணில். அதனால்தான் இந்தச் சொல்லைக் கேட்டதும் ஒருவருக்குப் பாதுகாப்பும் இன்னொருவருக்கு வேவும் தோன்றுகிறது. “நான் எங்க போறேன் வரேன்னு தெரியுமா?” என்று கேட்கிறவர்களும் உண்டு.

முன்னால் ஒட்டியிருக்கும் ‘தொலை’யும் லேசுப்பட்டதில்லை. தொலைபேசி, தொலைக்காட்சி என்று பழகிப்போனதால் தூரம் என்றே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் வீட்டில் சாவி தொலைகிறது, கோபம் வந்தால் ‘தொலைஞ்சு போ’ என்கிறோம். இந்தக் கிளினிக்குகளின் தீராத தலைவலியும் தொலைந்துபோகிற நோயாளிகள்தான். திரையில் பெயருக்கு எதிரே ‘இணைப்பு இல்லை’ என்று வந்துவிடும், போன் போட்டால் இப்படிப் போகும்:

“ஐயா, பெட்டியில பச்சை லைட் எரியுதா?”

“அது எங்கம்மா எரியுது, பேரன் செல்லுக்கு சார்ஜ் போடணும்னு பிளக்கைப் பிடுங்கிட்டான்.”

பிளக் கதை ஒன்று, ஊருக்குப் போகும்போது பெட்டியை விட்டுப் போன கதை ஒன்று, போனை மாற்றிவிட்டுச் செயலியை மறந்த கதை ஒன்று. வேலையில் பாதி இதுதான். இதோடு மெட்ட்ரானிக், அபாட், பாஸ்டன் சயின்டிஃபிக், பயோட்ரானிக் என்று கம்பெனிக்கு ஒரு வலைத்தளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு, ஒவ்வொன்றிலும் எச்சரிக்கைக்கு ஒரு நிறம். இதயத் துடிப்புக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர்களின் சங்கங்கள் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட பரிந்துரையில், ஆயிரம் நோயாளிகளுக்கு முழுநேர ஆட்கள் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்று இருக்கிறது. ஆயிரம் நெஞ்சுக்கு மூன்று பேர், அதுவும் வேலை நேரத்தில். இதைக் கண்காணிப்பு என்றால் கங்காணியே சிரிப்பார்.

அப்புறம் எந்தச் சொல்? அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது கிளினிக்கிலேயே புழங்கும் இன்னொரு சொல். கருவியில் இருப்பதை வாங்கிப் பார்ப்பதை அவர்கள் ‘இன்டராகேட் பண்றது’ என்பார்கள். லத்தீன் ‘ரொகாரே’, கேட்பது. பேட்டரி எவ்வளவு மிச்சம், இதயத்துக்குப் போகும் கம்பியின் மின்தடை ஏறியிருக்கிறதா, மேலறையில் தாறுமாறான துடிப்பு எத்தனை மணி நேரம் ஓடியது, ஷாக் கருவி (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்துவது) என்றால் ஷாக் கொடுத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, கருவி பதில் சொல்கிறது. இதை ஒரு தாளில் ‘கருவி விசாரணை’ என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்து முதலில் சிரித்தேன், ஸ்டேஷனில் வைத்து விசாரிப்பது போல இருந்தது. ஆனால் விசாரணை என்பதை விசாரிப்பு என்று மாற்றிப் பாருங்கள், சொல்லின் முகமே மாறிவிடுகிறது. ‘அம்மாவை விசாரிச்சதா சொல்லு’ என்பதில் போலீஸ் எங்கே இருக்கிறது? கேள்வியும் அக்கறையும் ஒரே சொல்லில் இருக்கிறது.

வடமொழி வேர் வேண்டாம் என்கிறவர்களுக்கு உசாவல் இருக்கிறது. நல்ல சொல்தான், தமிழ் விக்கிப்பீடியாவில் ‘உசாத்துணை’ என்று பார்த்திருப்பீர்கள். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவரிடம் உசாவினால் அவர் மகனைக் கூப்பிடுவார். என் ஓட்டு விசாரிப்புக்கே.

இந்தச் சொல் வரலாற்றுக்கும் பொருந்துகிறது. 1970களில் தூரத்திலிருந்து பேஸ்மேக்கரைப் பார்ப்பது என்றால் நிஜமாகவே ஒரு போன் கால்தான்: நோயாளி நெஞ்சின்மேல் காந்தத்தை வைப்பார், போன் ரிசீவரை, துடிப்பை ஒலியாக்கி அனுப்பும் ஒரு கருவியில் சாய்த்து வைப்பார், அந்தப் பக்கம் துடிப்பு ஒலியாகப் போகும். காந்தம் வைத்தால் பேஸ்மேக்கர் ஒரே வேகத்தில் துடிப்பை அனுப்பும். பேட்டரி தளரத் தளர அந்த வேகம் மாறும். தானாக அனுப்பும் முறை 2001-க்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது.

‘கருவி ஒவ்வொரு துடிப்பையும் பார்க்கிறதே, அது கண்காணிப்பு இல்லையா?’ என்று ஒரு நண்பர் மடக்கினார். ஆமாம், அதுதான் கண்காணி. கோயில் கணக்கைப் பார்த்தவர் மாதிரி உள்ளேயே உட்கார்ந்து, பார்த்து, எழுதி வைக்கிறது. வேகம் குறைந்தால் தானே துடிப்பைக் கொடுக்கிறது. அந்தக் கண்காணியிடம் அவ்வப்போது கணக்குக் கேட்பதுதான் கிளினிக்கின் வேலை. ஐசியூ மானிட்டருக்குக் கண்காணிப்பு என்ற சொல் தாராளமாகப் பொருந்தும், அங்கே அலாரம் அடித்தால் பத்தடியில் நர்ஸ் இருக்கிறார்.

அலுவல் படிவத்தில் ‘தொலைக்கண்காணிப்பு’ இருந்துவிட்டுப் போகட்டும், அது ஊன்றிவிட்டது. நோயாளி கையில் போகும் தாளில் மட்டும் ‘வீட்டிலிருந்தே கருவி விசாரிப்பு’ என்று தலைப்பை மாற்றச் சொல்லி, கீழே ‘ராத்திரியிலும் விடுமுறையிலும் இதை யாரும் பார்க்க மாட்டார்கள், அவசரம் என்றால் 108’ என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். புதுத் தாளைப் பெரியவரிடம் கொடுத்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். “ஓ, விசாரிக்க மட்டும்தானா” என்றார். அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு, 108-ஐ அந்தப் பெட்டிமேலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதச் சொன்னார்.