நோட்டு காலியாக இருந்த ஒரு வாரம்

"ஏனுங் டீச்சர், ஒரு வாரமா நோட்டுல ஒண்ணுமே எழுதலீங்களே. ஸ்கூல்ல தண்ணி ஊத்தி விளையாடறாங்களாமா?"

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழி எல்.பி. (கீழ்த் தொடக்க) பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். முகத்தல் அளவை நடத்திய வாரம், ஓர் அம்மா கேட்டில் நிறுத்திக் கேட்டார். தண்ணீர் ஊற்றித்தான் விளையாடினோம், மறைக்க ஒன்றுமில்லை.

போன வருடம் '1 லிட்டர் = 1000 மில்லி லிட்டர்' என்று போர்டில் எழுதிப் பத்து முறை சொல்ல வைத்தேன். பரீட்சையில் எல்லாரும் எழுதிவிட்டார்கள். அப்புறம் ஒரு சொம்பைக் காட்டிக் கேட்டால், பத்து லிட்டர் பிடிக்கும் என்றான் ஒருவன்.

அதனால் இந்த முறை ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரச் சொன்னேன். எது கூடாது என்று சொல்லாதது என் தப்பு. ஒரு பையன் கழுவிய பூச்சிமருந்து பாட்டிலோடு வந்து நின்றான். தோட்டம் துரவு உள்ள வீடு. அளவுக்கோடு போட்ட பாட்டில் என்று பெருமையாக எடுத்து வந்திருக்கிறான். எத்தனை முறை கழுவினாலும் அது புழங்க ஆகாது. இந்தப் பாடம் செய்யப்போகும் டீச்சர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: மருந்து பாட்டிலும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம்.

திங்கட்கிழமை ஒரே அளவு தண்ணீரை ஒல்லி டம்ளரிலும் அகலக் கிண்ணத்திலும் அவர்கள் கண் முன்னாலேயே ஊற்றினேன். பாதிப் பேர் டம்ளரில்தான் அதிகம் என்றார்கள். சின்னக் குழந்தைகள் உயரத்தைப் பார்த்துத்தான் அளவைச் சொல்வார்கள் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டியது இதே சோதனையில்தான். ஏழெட்டு வயதில் மெல்ல மாறும். திருத்த நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். அவர்களே மாற்றி மாற்றி ஊற்றினார்கள். நாலாவது தடவை ஊற்றும்போது ஒரு குட்டி, "டீச்சர், தண்ணி அதேதான், டம்ளர்தான் ஒல்லி" என்றாள். நான் சொல்லியிருந்தால் அது இன்னொரு மனப்பாட வரியாகப் போயிருக்கும்.

செவ்வாயன்று பெரும்பாலும் தரையைத் துடைத்தோம்.

புதன்கிழமை நாழியால், அதாவது அரிசி அளக்கும் பழைய அளவைப் பாத்திரத்தால், சண்டை. ஒரு பெண் பாட்டி வீட்டு நாழியைக் கொண்டுவந்திருந்தாள். இங்கே கேரளத்து அளவில் நாலு நாழி சேர்ந்தால் ஓர் இடங்கழி. பொள்ளாச்சியிலிருந்து வந்து சேர்ந்த பையனோ, "எங்க ஆத்தா நாழின்னா படிம்பாங்க, இது உழக்கு மாதிரி இருக்குது" என்று விடவில்லை. பழைய தமிழ்க் கணக்கில் நாழியும் படியும் ஒன்றுதான், நாலு உழக்கு. பெயர் ஒன்று, அளவுதான் ஊருக்கு ஊர் வேறு; இரண்டு பேரும் சொன்னது சரி. "அப்ப கடையில எதை வெச்சு அளப்பாங்க?" என்று கேள்வி வந்தது. லிட்டர் பாட்டிலை அப்போதுதான் மேசையில் வைத்தேன். நாடு முழுக்க ஒரே அளவு வேண்டும் என்று 1956-இல் சட்டம் போட்ட கதையையும் சொன்னேன். வகுப்பே அமைதியாகக் கேட்டது, எனக்கே ஆச்சரியம்.

வியாழக்கிழமை சிரப்போடு வரும் அளவு மூடியில் 5 மில்லி எடுத்து, வீட்டு ஸ்பூன்களில் ஊற்றிப் பார்த்தோம். ஒன்றில் வழிந்தது, இன்னொன்றில் பாதிகூட நிறையவில்லை. பெரியவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். காய்ச்சல் மருந்தைக் கையில் அகப்பட்ட ஸ்பூனில் கொடுத்தால் பிள்ளைக்குக் கூடவோ குறையவோ போகும். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் அப்படித்தான். ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் உப்புக் கணக்கு தப்பும்.

கேட்டில் நின்ற அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு அந்த ஸ்பூன் கதையைச் சொல்லச் சொன்னேன். கேட்டு முடித்தவர், "எங்கூட்டு மூடிய எப்பவோ தூக்கிப் போட்டுட்டனே" என்றார்.

"மெடிக்கல்ல கேட்டா தருவாங்கம்மா" என்றாள் மகள்.