முகம் சுளிப்பதும் புருவம் நெரிப்பதும்

'அவன் கணக்கைப் பார்த்து முகம் சுளித்தான்' என்று ஒரு மொழிபெயர்ப்புக் கதையில் படித்தேன். கதையில் அந்தப் பையனுக்குக் கணக்கு என்றால் உயிர். விடைதான் வரவில்லை. ஆங்கில மூலத்தில் 'ஃபிரௌன்' (frown) என்று இருந்திருக்க வேண்டும். அதற்கு வழக்கமாகப் போடும் சொல்லையே போட்டிருக்கிறார்கள். ஒரே சொல்லில் பையனுடைய மனசே மாறிப்போய்விட்டது.

ஃபிரௌன், பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ரோமானியர் வருவதற்கு முன்பே பிரான்சில் பேசப்பட்ட கௌலிஷ் மொழியில் மூக்குத்துளையைக் குறித்த சொல்தான் அதன் வேர் என்று சொற்பிறப்பு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூக்கில் பிறந்தது, ஆங்கிலத்தில் புருவத்துக்கு ஏறிவிட்டது. அமெரிக்க வழக்கில் வாய்க்கும் இறங்கியது. தமிழில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல் கிடையாது. முகத்தில் எந்த இடம் அசைகிறது என்று பார்த்துத்தான் சொல் எடுக்க வேண்டும்.

பாட்டி ஊசியில் நூல் கோக்கும்போது பாருங்கள். இரண்டு புருவமும் நெருங்கி, கொஞ்சம் கீழிறங்கி, நடுவில் செங்குத்தாக இரண்டு கோடு விழும். கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. நூல் ஊசிக்காதில் நுழைந்ததும் நெற்றி பழையபடி ஆகிவிடும். இது புருவம் நெரித்தல். நெரித்தல் என்றால் இறுக்கி நெருக்குவது. கூட்ட நெரிசலில் இருப்பதும் இதே சொல்தான். ஆழ்ந்த யோசனையில் இருப்பவனின் நெற்றிகூட வழவழப்பாகத்தான் இருக்கும், யோசனையில் ஒரு தடங்கல் வரும்போதுதான் புருவம் நெரியும் என்று 1872-இல் வந்த தன் நூலில் டார்வின் எழுதினார். கணக்குப் போட்ட பையனுக்கு நடந்தது அதுதான்.

முகம் சுளிப்பது வேறு. கஷாயத்தை வாயருகே கொண்டுபோனதும் குழந்தையின் மூக்கு சுருங்கி, கண் இடுங்கி, உதடு கோணுமே, அது. பிடிக்காததை முகம் தள்ளுகிற விதம். அதனால்தான் 'ஊரே முகம் சுளிக்கிறது' என்று ஒழுக்கக்கேட்டைப் பற்றியும் சொல்கிறோம். சேர்த்து எழுதினால் முகஞ்சுளித்தல். பழைய வழக்கில் சுளித்தலுக்குச் சினத்தல் என்ற பொருளும் உண்டு.

இதைப் பலர் 'முகம் சுழித்தல்' என்று எழுதுகிறார்கள். அச்சிலேயே வருகிறது, பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. சுழி என்பது வட்டம்: ஆற்றுச் சுழி, தலையில் சுழி, பிள்ளையார் சுழி. முகம் சுற்றுவதில்லை, சுருங்குகிறது. பேச்சில் ழகரமும் ளகரமும் கலந்துவிட்டதால் வந்த பிழை இது. எழுத்திலாவது பிரித்து வைப்போம்.

சரி, கோபத்துக்கு? முகம் கடுத்தல், முகம் கடுகடுத்தல். இன்னும் மெல்லிய ஒன்றும் நம்மிடம் இருக்கிறது:

மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து
நோக்கக் குழையும் விருந்து.

முகம் திரிதல்! பால் திரிந்தது என்கிறோமே, அதே திரிதல். புருவம் நெரியவில்லை, மூக்கு சுருங்கவில்லை. மலர்ந்திருந்த முகம் கொஞ்சம் வேறாகிறது, அவ்வளவுதான். வாசலில் நிற்கும் விருந்தாளிக்கு அதுவே போதும். எவ்வளவு நுட்பமான சொல், இன்று யாரும் எடுப்பதில்லையே என்று இருக்கிறது.

அப்புறம், கைப்பேசியில் வாயோரம் கீழே வளைந்த அந்த மஞ்சள் முகம். அதையும் ஃபிரௌன் என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அதற்குப் புருவமே இருக்காது. தமிழில் அது முகவாட்டம்.