ரான்சம்வேர் ‘மீட்பு மென்பொருள்’ ஆகுமா?

‘மின்னஞ்சலில் மீட்பு மென்பொருள் வரலாம், திறக்காதீர்கள்’ என்று ஓர் எச்சரிக்கை. இந்த மாதத்தில் இது மூன்றாவது. எழுதியவர் சொல்ல நினைத்தது ரான்சம்வேரை, அதாவது கோப்புகளைப் பூட்டியோ திருடியோ பணம் கேட்டு மிரட்டப் பயன்படும் நிரலை. படிப்பவருக்குத் தோன்றுவதோ, அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் கருவி.

ரான்சம் என்ற சொல் இலத்தீனின் ‘ரெடெம்ப்தியோ’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. விலை கொடுத்து மீட்டல் என்று பொருள். சரி, வேரில் மீட்பு இருக்கிறது. ஆனால் மீட்பது பறிகொடுத்தவர் செய்கிற வேலை. ரான்சம்வேர் பறித்தவனின் ஆயுதம். அதற்கு எப்படி இந்தப் பெயர் பொருந்தும்?

நடப்பதைப் பாருங்கள். திருடிய கடவுச்சொல்லோடு உள்ளே வருபவன் உடனே எதையும் பூட்டுவதில்லை. சத்தமில்லாமல் உலவி, பேக்கப் (காப்பு நகல்) எங்கே இருக்கிறது என்று தேடி, அதை அழிப்பான். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் நிழல் நகல்களையும் அழிப்பான். கோப்புகளைப் பூட்டுவது அதற்கு அப்புறம்தான். மீட்க வழியே இல்லாமல் செய்யும் நிரலுக்கு மீட்பு என்று பெயர்!

பணம் கொடுத்தால் மீளலாம் என்பதும் உறுதியில்லை. 2024-இல் ரான்சம்வேரால் தாக்கப்பட்ட, மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்காக 2.2 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. அதன்பிறகும் அதே தரவைக் காட்டி இன்னொரு கும்பல் பணம் கேட்டது.

‘பூட்டு நிரல்’ என்பாரும் உண்டு. 2017-இல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் வந்தபோது அது பொருந்தியிருக்கும்: பூட்டிய கோப்புகள், 300 டாலர் கேட்கும் சிவப்புச் சன்னல், அதில் ஓடும் கடிகாரம். 2019 கடைசியில் மேஸ் கும்பல் தரவைத் திருடிக்கொண்டு, ‘தராவிட்டால் வெளியிடுவோம்’ என்றும் மிரட்டத் தொடங்கியது. 2023-இல் கோப்புகளை அனுப்ப உதவும் மூவ்இட் மென்பொருளின் ஓட்டை வழியே புகுந்த குளோப் கும்பல் எதையும் பூட்டவேயில்லை, திருடியதோடு சரி. இன்னொரு பெயரான ‘கப்ப நிரல்’ என்றால் மிரட்டல் தெரிகிறது, பிடித்து வைத்திருப்பது தெரியவில்லை.

பூட்டினாலும் திருடினாலும் நம் பொருள் அவன் கையில் பணயம். பணயக் கைதி என்றால் எவருக்கும் புரியும். கேடு செய்யும் நிரல் தீநிரல். ஆகவே ‘பணயத் தீநிரல்’, கேட்கும் பணம் ‘பணயத்தொகை’. பணயம் வடசொல் என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்வேன்: எச்சரிக்கையில் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், படிப்பவர் அடுத்து எதைச் சொடுக்குவார் என்று ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த எச்சரிக்கை இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘மின்னஞ்சல் இணைப்பில் பணயத் தீநிரல் இருக்கலாம், திறக்காதீர்கள். மீட்புக்கு உங்கள் கோப்புகளின் ஒரு நகலை இணையத் தொடர்பில்லாமல் தனியே வையுங்கள்.’